பால் பையில் வந்த கீரை

ஏப்ரல் 1, சனி

இன்று காலை ஆறு மணிக்குள் நாற்பத்தெட்டு வீடுகளை ஒரே அடியில் முட்டாளாக்கினேன். எங்கள் ஸ்ரீவர்ஷம் குடியிருப்பின் வரலாற்றில் இது சாதனை. (பெயரில்தான் வர்ஷம். நாவலூர்ப் பக்கம் சித்திரை பிறக்கும் முன்பே தண்ணி லாரிக்குக் கை காட்டும் குடியிருப்புகளில் எங்களுடையதும் ஒன்று.)

செய்த விதம்: இங்கே ஒவ்வொரு வீட்டுக் கதவுக் கைப்பிடியிலும் பால் பாக்கெட்டுக்காக ஒரு துணிப்பை தொங்கும். பால்காரர் குழம்பாமல் இருக்க அவரவர் வீட்டு எண்ணை மார்க்கரில் எழுதி வைத்திருப்பார்கள். சனிக்கிழமைகளில் பால்காரர் போன சூட்டோடு நான் போய்ப் பைக்கு ஒரு கட்டுக் கீரை போடுவேன். அம்மா வளர்க்கிற கீரை. கட்டுக்குள் நான் எழுதிய கடி ஜோக் சீட்டு ஒன்று இருக்கும். "கீரைக்காரர் ஏன் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை? அவர் எப்போதும் கட்டுப்பாடாக இருப்பார்." "பால் பையில் வந்த கீரை எது? பாலக்கீரை." இரண்டு வருஷமாக இது நடக்கிறது. கீரை மறந்தாலும் சீட்டு மறக்காதே என்று 2A அங்கிளே சொல்லியிருக்கிறார்.

இன்றைய சீட்டு: "வாழ்த்துகள்! இந்தக் கீரை உங்கள் வீட்டுக் குளியலறை, சமையலறை, கழிப்பறை மூன்றிலிருந்தும் வந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. உங்களுக்கு உங்களையே திருப்பித் தருகிறோம்!"

இதில் அழகு என்னவென்றால் அத்தனையும் உண்மை. அம்மாதான் இங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறாள். பி.எஸ்ஸி. வேதியியல். வடிகட்டி, குளோரின் போட்டு, மாதாமாதம் ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகுதான் அந்தத் தண்ணீர் பாத்திக்குப் போகும். முட்டாள் தினத்தில் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதுதான் ஜோக்.

லிஃப்டில் மூன்று பேர் சிரித்தார்கள். பள்ளியில் என் பெயர் பொற்கொடி இல்லை, போர்க்கொடி. காரணமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மாலை: பாத்திக்கு எந்தத் தண்ணீர் போகிறது என்று பிளான்ட் வாசலில் எழுதியிருக்கும் போர்டை யாரோ போய்ப் படித்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

சங்கச் செயலாளர் ஞானசேகரன் சார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் வீடு என்பது பிளான்ட்டை ஒட்டிய இரண்டு அறைகள். அப்பா ஓசூர் கம்பெனியிலிருந்து மாதம் ஒருமுறை வரும்போது மட்டும் அது சிறியதாகத் தெரியும்.

"தமயந்திம்மா, குரூப்ல நேத்துலேர்ந்து நூத்திப் பன்னெண்டு மெசேஜ். ஒண்ணும் பதறாதீங்க. பாப்பா விளையாட்டுக்கு எழுதிடுச்சுன்னு ஒரு வரி போட்டுருங்க. முடிஞ்சுது."

"விளையாட்டுக்குத்தான் எழுதியிருக்கா சார். ஆனா எழுதினது நிஜம்."

"நிஜம்னு எனக்குத் தெரியாதா? பாத்தி போட பெர்மிஷன் குடுத்ததே நான்தானே. அதை ஏன் இப்ப சொல்லணும்ங்கறேன்."

"கேட்டுட்டாங்களே சார்."

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். பல்லி நல்லவேளை உச்சுக்கொட்டவில்லை.

அவர் போனபின் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "தப்பு என்னோடதும்தான் கொடி. கட்டு மேலயே எழுதியிருக்கணும். மீட்டிங்ல சொல்லியாச்சு, வாசல்ல போர்டு இருக்குன்னு இருந்துட்டேன். போர்டு படிக்கவா ஆளுங்க பிளான்ட் பக்கம் வருவாங்க?"

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 3, திங்கள்

3C மிருதுளாவிடமிருந்து செய்தி: "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

சிரிக்கிற குரங்கு ஸ்டிக்கர் ஒன்று அனுப்பினேன். நீல டிக் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

ஏப்ரல் 6, வியாழன்

தமிழ்த் தேர்வு. நீரைப் பற்றிக் கட்டுரை வரவில்லை. வந்திருந்தால் கூடுதல் தாள் வாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 8, சனி

நாற்பத்தெட்டுக் கட்டு போட்டேன். எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் நாற்பத்தொன்று படிக்கட்டில் வரிசையாகக் கிடந்தன. தூக்கி எறியவில்லை, பாவம், ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள். சில பைகளைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள்.

அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் தெளித்து வைத்தாள். மத்தியானம் கீரைக் கூட்டு. ராத்திரி கீரை அடை. நாளைக்குக் கீரை வடையாம். இந்த வீட்டில் யாருக்கும் இரும்புச்சத்துக் குறைய வாய்ப்பில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

கூட்டம். கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்தது. அம்மா ஆய்வக அறிக்கைகளை ஃபைலோடு கொண்டுவந்திருந்தாள். யாரும் அதைத் திறக்கவில்லை. ஃபைலுக்கும் வாசனை வரும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஒருவர் சொன்னார்: "குரோட்டன்ஸுக்கு ஊத்துங்க, புல்லுக்கு ஊத்துங்க, யாரு வேணாங்கறா? வாயில போறதுக்கு வேணாம்."

"ரிப்போர்ட்லாம் சரிதாம்மா," என்றார் 1D ஆன்ட்டி. "மூளைக்குப் புரியுது. தொண்டை ஒத்துக்க மாட்டேங்குதே."

2A அங்கிள்: "கடையில வாங்கறமே, அது எந்தத் தண்ணியில வளந்துச்சுன்னு யாராவது கேட்டமா?"

"அது நமக்குத் தெரியாதுல்ல சார். தெரியாத வரைக்கும் சுத்தம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன். அப்போது ஹேமலதா ஆன்ட்டி எழுந்தார். மிருதுளாவின் அம்மா. அவர் கத்தவில்லை.

"என் பையனுக்கு ஆறு மாசத்துல முதமுதல்ல குடுத்த சாதம் இந்தக் கீரையை மசிச்சுத்தான். அவனுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அதை எனக்குச் சொல்லியிருக்கணும் தமயந்தி. குடுக்கறதும் குடுக்காததும் நான் முடிவு பண்ணியிருப்பேன்."

அம்மா எழுந்து நின்றாள். "ஆமாங்க. சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முடிவு: பாத்தியை எடுத்துவிட்டு பேவர் பிளாக் பதித்து டூவீலர் நிறுத்தம். ஞானசேகரன் சார் மட்டும் ஒரு கதவை ஒருக்களித்து வைத்தார். கால்வாசி வீடு, அதாவது பன்னிரண்டு வீடு, "எங்களுக்குத் தெரிந்தே இந்தக் கீரை வேண்டும்" என்று எழுத்தில் கொடுத்தால் பாத்தி இருக்கும். கடைசி நாள் மே 27, காலை பத்து மணி.

மிருது கடைசி வரிசையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன். தம்பி சிரித்தான்.

ஏப்ரல் 20, வியாழன்

தேர்வு முடிந்தது. போன வருஷம் இதே நாளில் நானும் மிருதுவும் பேனா மையைச் சட்டையில் அடித்துக்கொண்டு வந்து, அம்மாவிடம் ஆளுக்கொரு குட்டு வாங்கினோம். இன்று சட்டை வெள்ளையாக இருக்கிறது.

ஏப்ரல் 22, சனி

கையெழுத்து வேட்டை. நாற்பத்தேழு பக்கங்கள் காலியாக இருந்த கணக்கு நோட்டோடு கிளம்பினேன். கேட்டவை அப்படியே:

1A: "வாழைக்கா போடச் சொல்லு, வாங்கிக்கறேன். அதுக்குத் தோல் இருக்கு."

4B: "தேங்கான்னா கூட ஓகே. அவ்ளோ உசரம் ஏறறதுக்குள்ள தண்ணி சுத்தமாயிடும்." (தென்னை மரமே ஒரு பிளான்ட் என்கிறார். இதை அம்மாவிடம் சொன்னபோது பிளான்ட், பிளான்ட் என்று இரண்டு தடவை விளக்கியும் சிரிக்கவில்லை.)

2D பாட்டு டீச்சர்: "கொழம்புல கொதிச்சா எல்லாம் போயிடும்னு தெரியும் கண்ணா. சாமிக்குப் பூ மட்டும் அங்கேர்ந்து எடுக்காதே." அது கீரைப் பாத்தி, டீச்சர். முளைக்கீரையை எந்தச் சாமிக்குச் சூட்டுவது?

3A அண்ணன், ஐ.டி. கம்பெனி: "நான் சப்போர்ட்தான். சிங்கப்பூர்ல குடிக்கவே செய்யறாங்க." கையெழுத்து? "வைஃப் வரட்டும்."

எல்லாரும் நல்லவர்கள். மூன்று வீட்டில் மோர் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் தேர்வு எப்படி எழுதினாய் என்று கேட்டார்கள். கையெழுத்து: 2A மட்டும். அவரும் பேனாவை மூடிக்கொண்டே, "ஏம்மா, கீரைக்குக் கையெழுத்துன்னா கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி இருக்கே" என்றார்.

3C கதவைத் தட்டவில்லை. தட்டுவதற்குக் கை போனது. பையைப் பார்த்தேன். 3C என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நான் ஏழாம் வகுப்பில் வரைந்த மீசை இன்னும் அழியவில்லை.

மே 5, வெள்ளி

அம்மா இப்போது கட்டுகளை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு வைக்கிறாள். ஒவ்வொரு கட்டிலும் பெரிய எழுத்தில்: "சுத்திகரித்த கழிவுநீரில் வளர்ந்தது. நன்றாகக் கழுவி, வேக வைத்துச் சாப்பிடவும். தமயந்தி." பக்கத்தில் அறிக்கை, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்.

இப்படியா வியாபாரம் செய்வது? "பறித்தது இன்று, பசுமை என்றும்" என்று ஏதாவது எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"நீ எழுதினதே போதும்டி."

இன்று முதல் எனக்குக் கழிவிரக்கம். அதாவது, கழிவின்மேல் இரக்கம்.

மே 14, ஞாயிறு

மிருது வீட்டில் பேக்கர்ஸ் ஆட்கள் வந்து அளவு எடுத்துப் போனார்கள் என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். அவள் அப்பாவுக்கு நாக்பூர் மாற்றல். மே 27 காலி செய்கிறார்கள். மாற்றல் வரப்போகிறது என்று மார்ச்சிலேயே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அதை இந்த நோட்டில் எழுத மறந்துவிட்டேன்.

மறக்கவில்லை.

இன்று வெயில் தாழ்ந்ததும் பிளான்ட்டுக்குப் பின்னால் போய் அந்தப் பெரிய நீலக் குழாயின்மேல் உட்கார்ந்தேன். இரண்டு கோடையாக அதுதான் எங்கள் சிம்மாசனம். உள்ளே காற்றடிக்கும் புளோயர் ஓடும்போது குழாய் லேசாக நடுங்கும். அதன்மேல் உட்கார்ந்து பேசினால் குரல் ரோபோ மாதிரி வரும். "மி-ரு-து-உ-உ-உ." அப்படியே ஏழாம் வாய்ப்பாடு முழுவதும் சொல்லியிருக்கிறோம்.

முதல் தக்காளி அங்கேதான். கீரைப் பாத்தி ஓரத்தில் அம்மா வைத்த நான்கு செடி. நாலு மணி வெயிலில் பழுத்தது சூடாக இருக்கும், அடுப்பிலிருந்து இறக்கினதுபோல. மிருது வீட்டிலிருந்து உப்பும் மிளகாய்த்தூளும் பேப்பரில் மடித்துக்கொண்டு வருவாள். குழாயில் நன்றாகக் கழுவிவிட்டுத் தின்னுங்கடி என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். கடித்ததும் சாறு முழங்கை வரை ஓடும். "சாறு ஓடுது பாரு, பிடி, பிடி!" என்று அவள் கையை அவளே துரத்துவாள். லாரி வராத அந்த மாதம் வீடுகளுக்கு இரண்டு குடம்தான் கொடுத்தார்கள், அப்போதுகூடப் பாத்தி மட்டும் பச்சையாக இருந்தது. "உங்க அம்மா மந்திரவாதிடி" என்றாள். "எங்கேர்ந்து தண்ணி வருது?"

"பாதாளத்துலேர்ந்து," என்றேன். "ஏழு பூதம் இறைக்குது."

அவள் சிரித்தாள். நான் இன்னொரு தக்காளி பறித்துக் கொடுத்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வராமல் போய்விடுவாளோ என்று இருந்தது. அப்புறம் ஒவ்வொரு தக்காளிக்கும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. ஊரை விட்டுப் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சிரித்துக்கொண்டே சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்பாள் என்று நினைத்தேன். ஒருத்தியிடம் சொல்லப் பயந்து நாற்பத்தெட்டு வீட்டுக்குச் சொன்னேன்.

இதில் ஜோக் எங்கே வருகிறது என்று தேடிப் பார்த்தேன். வரவில்லை.

மே 19, வெள்ளி

ரிசல்ட். தமிழில் 97. அம்மா பாத்தியில் நின்றுகொண்டே கேட்டாள், மண் கையோடு என் கன்னத்தைக் கிள்ளினாள். ஞானசேகரன் சார் லட்டு கொடுத்தார். கையெழுத்து எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். 3A அண்ணனின் வைஃப் வந்துவிட்டார்.

மே 20, சனி

மேஜையில் வைத்த கட்டுகளில் பத்து போயிருந்தது! யார் எடுத்தார்கள் என்று வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டேன். "நான் பாக்கும்போது யாரும் எடுக்கல. நான் டீ குடிக்கப் போயிட்டு வந்தா இருக்கறதில்ல. அதனால இப்பல்லாம் ரெண்டு டீ குடிக்கறேன்."

2A அங்கிள் லிஃப்டில் மடக்கினார். "சீட்டு ஏன் வர்றதில்ல?"

"ஜோக் நிறுத்தியாச்சு அங்கிள்."

"கீரை வேணும்னு எல்லாருக்கும் இருக்கு. லிஸ்ட்ல பேர் வரக் கூடாது, அவ்ளோதான். பையை மாட்டுன்னா மாட்டுவாங்க. நோட்டை நீட்டினா ஓடுவாங்க."

ஐந்தாம் மாடி வரை போய்விட்டுத்தான் இறங்க வேண்டும் என்பதே நினைவுக்கு வந்தது.

மே 26, வெள்ளி

நாற்பத்தெட்டு சீட்டு. விரல் வலிக்கிறது. பைகளில் போட்டாயிற்று: "தெரிந்தே கீரை வேண்டும் என்பவர்கள் நாளைக் காலை பத்து மணிக்குள் உங்கள் பால் பையை பிளான்ட் வேலியில் மாட்டவும். நோட்டு கிடையாது. இது ஜோக் இல்லை. பொற்கொடி."

"இது ஜோக் இல்லை" என்று நான் வாழ்க்கையில் முதல்முறையாக எழுதினேன். எழுத்து வேறு யாருடையதோ போலத் தெரிந்தது.

3C பையிலும் போட்டேன். உள்ளே டேப் ஒட்டுகிற கிர்ர் சத்தம் கேட்டது.

மே 27, சனி

அம்மா வேலிக் கம்பியில் ஆறு மணிக்கே நாற்பத்தெட்டு S கொக்கி மாட்டி வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு நம்பிக்கை ஜாஸ்தி.

ஏழு மணி: 2A. 3A.

எட்டு மணி: ஐந்து. 4B ஆன்ட்டி நாயை மூச்சா போகக் கூட்டி வந்தவர் மாதிரி வந்து, நாய்க்குத் தெரியாமல் மாட்டிவிட்டுப் போனார்.

ஒன்பதேகால்: பத்து. பாட்டு டீச்சர், "பூ வேண்டாம், கீரை மட்டும்" என்று மறுபடியும் சொன்னார்.

ஒன்பதரை: பதினொன்று.

அப்புறம் யாரும் வரவில்லை. கேட்டில் பேக்கர்ஸ் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. 3C சோபா லிஃப்டில் நுழையாமல் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞானசேகரன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தமயந்திம்மா, எழுத்துல கேட்டிருந்தோமே. பையை மாட்டினா எப்படி?"

அம்மா ஒரு பையைத் திருப்பிக் காட்டினாள். மார்க்கரில் 1A. அடுத்தது, 4B. "எழுதித்தான் சார் இருக்கு. அவங்கவங்க கையெழுத்துல."

சார் கடிகாரத்தை விட்டுப் பைகளைப் பார்த்தார். வரிசையாக நடந்து ஒவ்வொரு எண்ணையும் குனிந்து படித்தார். ஒரு பையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அது 5B. அவர் வீடு. அவர் மனைவி எப்போது வந்து மாட்டினார் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தொண்டையைச் செருமிவிட்டு மேலே நடந்தார்.

"பதினொண்ணு," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. நிஜமாகவே இருந்தது.

அப்போது மிருது வந்தாள். பயண உடுப்பு, தோளில் தண்ணீர் பாட்டில். கையில் 3C பை. மீசையோடு.

என்னைப் பார்க்காமல் கொக்கியில் மாட்டினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அம்மாதான் கழட்டிக் குடுத்தாங்க. 'இது இனிமே நமக்கு எதுக்கு, நீயே பாத்துக்கோ'ன்னாங்க."

"அது சரிம்மா," என்றார் சார், "காலி பண்றவங்க பை செல்லுமா?"

அம்மா கேட்டாள்: "சாவி உங்ககிட்ட வந்துடுச்சா சார்?"

"இன்னும் இல்ல."

"அப்ப அவங்க குடியிருக்காங்க."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்தாறு. மேலே மூன்றாம் மாடி பால்கனியைப் பார்த்தார். அங்கே ஹேமலதா ஆன்ட்டி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தம்பியின் கையைப் பிடித்து எங்களுக்கு ஆட்டிக் காட்டினார்.

"பன்னெண்டு," என்று எழுதிக்கொண்டார் சார்.

நான் மிருதுவிடம் ஏதாவது சொல்ல வேண்டும். நாக்பூர், நாக்கு, நாகப்பாம்பு என்று மூன்று கடி தயாராக இருந்தது.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றேன். "முதத் தக்காளிலேர்ந்தே."

"தெரியும்டி. குரங்கு அனுப்பினப்பவே தெரிஞ்சுது." கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கீறினாள். "தக்காளி இருக்கா?"

ஒன்றுதான் பழுத்திருந்தது. அவளே குழாயில் கழுவினாள், ரொம்ப நேரம், அம்மா போதும் என்று சொல்லுகிற வரைக்கும். கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கடித்தாள். முகம் லேசாகச் சுருங்கியது, பிறகு சரியானது. பாதியை என்னிடம் நீட்டினாள். உப்பும் இல்லை, தூளும் இல்லை. சாறு முழங்கைக்கு ஓடியது. யாரும் பிடி பிடி என்று சொல்லவில்லை.

லாரி போனபிறகு பையை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. கீரைக்கட்டு அளவுக்குத் தடிமன். என் சீட்டுகள். இரண்டு வருஷத்துச் சனிக்கிழமைகள் முழுவதும். சிலவற்றில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஏப்ரல் ஒன்று. அதன் பின்பக்கம் அவள் எழுதியிருந்தது:

"இதுக்கு மட்டும் சிரிப்பு வரல. மத்ததெல்லாம் சுமார்."

ஜூன் 3, சனி

பன்னிரண்டு பையில் கீரை போட்டேன். ஒவ்வொரு கட்டிலும் அம்மாவின் வரி மேலே, என் கடி கீழே.

3C-க்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். சின்னக் குடும்பம், கதவில் இன்னும் பை மாட்டவில்லை. மணியடித்தேன். கீரையை நீட்டுவதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன், குளியலறை, சமையலறை, கழிப்பறை, எல்லாம், சிரிக்காமல். அந்த அக்கா முழுவதும் கேட்டார். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். சரிக்கா என்று கீரையோடு இறங்கி வந்தேன்.

அந்தப் பன்னிரண்டாவது பை, பழைய 3C, எங்கள் வீட்டுக் கதவில் தொங்குகிறது. பால்காரர் முதல் நாள் குழம்பி, எங்கள் பாலை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்.